தயாரா என்று கேட்கப்பட்ட வண்டி

டிரைவர் செய்த முதல் தப்பு, நடந்ததை நடந்தபடி எழுதியது. அதுவும் மூன்றே வரியில் எழுதியது.

"இன்று காலை ஆம்புலன்ஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. நான்கு நாள் நின்றதில் சின்ன பேட்டரி இறங்கிவிட்டது. வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து எழுப்பிவிட்டேன்."

இதில் கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸ்களை மேற்பார்க்கும் தயார்நிலை இயக்ககத்துக்கு அனுப்பிவிட்டு, நிம்மதியாகக் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனான். மூன்று வரிக்கு இருபத்திரண்டு பக்கத்தில் பதில் வரும் என்று அந்த அப்பாவிக்கு யார் சொல்வது?

அவன் வேலை பார்த்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ், ஒரு வண்டி. பழைய டீசல் வண்டியை ஏலம் போட்டுவிட்டு, மூன்று மாதம் முன்பு இந்த மின்சார வண்டியைக் கொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு நோயாளி ஏறினால் அதிகம். மற்ற நேரமெல்லாம் தகரக் கூரைக்குக் கீழே பளபளவென்று நின்றுகொண்டிருக்கும்.

வண்டிக்குள் இரண்டு பேட்டரி. தரைக்குக் கீழே படுத்திருக்கும் பெரியதுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. பானெட்டுக்குள் இருக்கும் சின்னது, எந்தப் பழைய காரிலும் இருக்கிற அதே பன்னிரண்டு வோல்ட் பெட்டி. கதவைத் திறப்பது, கம்ப்யூட்டரை எழுப்புவது, பெரியதை வேலைக்குக் கூப்பிடுவது எல்லாம் அதன் பொறுப்பு. சின்னது இறங்கிவிட்டால் பெரியது முழுசாக நிறைந்திருந்தும் பிரயோஜனமில்லை. பேட்டரிக் கடை வைத்திருக்கும் அவன் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், இதை ஒரே மூச்சில் விளக்கினார்.

"முதலாளி எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கேட்டைத் திறக்க வாட்ச்மேன் வேணும் மாப்ள. வாட்ச்மேன் மயங்கி விழுந்துட்டா முதலாளி உள்ளேயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

இதெல்லாம் வேறு ஒரு சமயமாக இருந்தால் டிரைவர் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் அவன் மனைவிக்கு ஏழாவது மாதம். பிரஷர் ஏறிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "தலைவலி விடாம இருந்தாலோ, கண்ணு மங்கினாலோ, பொருள் ரெண்டா தெரிஞ்சாலோ யோசிக்கக் கூடாது. ஊசி போட்டு, படுக்க வெச்சு, ஆக்சிஜனோட பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடணும். நாப்பது நிமிஷ ரோடு. லேட்டானா வலிப்பு வரும். அப்புறம் ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பு சொல்ல முடியாது."

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே குடியிருப்பு. அரை மணிக்கு ஒரு தடவை ஓடிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "தலை வலிக்குதா?" என்று கேட்பான். உள்ளே வந்து, வீக்கம் இருக்கிறதா என்று அவள் பாதத்தில் விரலை அழுத்திப் பார்ப்பான். பள்ளம் விழுந்தால் அவன் முகம் தொங்கிப்போகும்.

"ஏங்க, இப்பதான் கண்ணை மூடினேன். வலிக்குதா வலிக்குதான்னு நீங்க கேட்டே எனக்கு வலி வந்துடும் போலிருக்கு" என்று அவள் அலுத்துக்கொள்வாள். அவளை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்க ஓடுவான்.

இருபத்திரண்டு பக்கப் பதிலோடு துணை இயக்குநரே நேரில் வந்தார். எதைச் சொன்னாலும் நூறு சதவீதம் என்று சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம் என்பதால் நூறு சார் என்றுதான் அவரை எல்லாரும் சொல்வார்கள், அவர் காதில் விழாமல். வண்டியைச் சுற்றி வந்தார். திரையில் பெரிய பேட்டரியின் அளவு 100% என்று காட்டியது. அவருக்கு அந்த எண் மிகவும் பிடித்திருந்தது.

"நூறு இருக்கேய்யா! அப்புறம் எப்படி இறங்கிச்சுன்னு எழுதின?"

"அது பெரிசு சார். இறங்கினது சின்னது."

"பெரிசே நல்லா இருக்கும்போது சின்னதைப் பத்தி யாரு கேட்டா? ரிப்போர்ட்ல பெரிசுக்குத்தான் கட்டம் இருக்கு." நூறு சார் தோளில் தட்டினார். "உன் மேல தப்பு சொல்லல. வண்டியை யாரும் கவனிக்கல. அதான் தப்பு. இனிமே கவனிப்போம். நூறு சதவீதம் கவனிப்போம்."

அப்படிப் பிறந்ததுதான் கண்காணிப்புப் பிரிவு. இயக்ககத்தின் மூன்றாவது மாடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண். கால் மணிக்கு ஒருமுறை அவள் போனில் ஒரு பொத்தானைத் தொட்டு, எல்லா வண்டிகளையும் தயாரா என்று கேட்பாள். உடனே இங்கே தகரக் கூரைக்குக் கீழே வண்டி திடுக்கிட்டு விழிக்கும். விளக்கு கண் சிமிட்டும். இரண்டு பக்கக் கண்ணாடியும் காது விறைப்பதுபோல விரியும். உள்ளே திரை எரியும், எங்கோ ஒரு மின்விசிறி முனகும். "தயார்" என்று வண்டி பதில் அனுப்பும். அப்புறம் பத்து நிமிஷம் கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு, கண்ணாடியை மடக்கிக்கொண்டு மெல்லத் தூங்கப் போகும். ஐந்து நிமிஷம் தூங்கியிருக்கும். அடுத்த கேள்வி வந்துவிடும். அவளுடைய நேரம் முடிந்தால் அதே நாற்காலியில் இன்னொருத்தி.

இந்த விழிப்புக்கெல்லாம் கரண்ட் கொடுத்தது அந்தச் சின்ன பேட்டரிதான். நான்கு நாளில் இறங்கிய பேட்டரி இப்போது ஒன்றரை நாளில் இறங்கியது.

மச்சான் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மாப்ள, நின்ன வண்டி தூங்கணும். தூங்கினா ஒரு மாசம்கூடத் தாங்கும். முதல் தடவை இறங்கினதுக்கே புது வண்டியை ஆளாளுக்குப் போன்ல பார்த்ததுதான் காரணமா இருக்கும். இப்படி நிமிஷத்துக்கு நிமிஷம் எழுப்பினா எந்தப் பேட்டரி நிக்கும்? எழுதிப் போடு."

எழுதிப் போட்டான். இது இரண்டாவது தப்பு.

இறங்கும் அளவைத் துல்லியமாக அறிய வேண்டும் என்று இயக்ககம் ஒரு கருவியை அனுப்பியது. தீப்பெட்டி அளவில், பச்சை விளக்கோடு, இருபத்துநாலு மணி நேரமும் எரிந்துகொண்டு இருந்தது. பொருத்த வந்த பொறியாளரிடம் டிரைவர் பவ்யமாகக் கேட்டான்.

"சார், இதுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?"

"அதே பேட்டரியிலேர்ந்துதான். வேற எங்கேர்ந்து எடுத்தாலும் சரியான அளவு தெரியாது."

பேட்டரி குறைந்தால் கருவி எச்சரிக்கை அனுப்பும். எச்சரிக்கை ஒன்பது அதிகாரிகளின் போனுக்குப் போகும். உண்மையா என்று உறுதி செய்ய ஒன்பது பேரும் தனித்தனியே வண்டியைக் கேட்பார்கள். ஒன்பது முறை கண்ணாடி விரியும். இதையெல்லாம் டிரைவர் பார்த்துக்கொண்டு நிற்பான். வண்டி ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் தன் மனைவிக்கான நாற்பது நிமிஷத்திலிருந்து யாரோ ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவதாகவே அவனுக்குத் தோன்றியது.

மச்சான் ஒரு பழைய பேட்டரியைச் சார்ஜ் பண்ணிக் கொடுத்தார். அதைத் துணி சுற்றி, வீட்டில் மனைவியின் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டான். விடிந்ததும் தூக்கிக்கொண்டு போய், இரண்டு ஒயரை மாட்டி வண்டிக்குத் தெம்பு கொடுத்துவிட்டு வந்து, அதை மறுபடி சார்ஜில் போடுவான். இரண்டு வாரம் வண்டி ஒழுங்காக இருந்தது. அவனும் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

கருவிதான் காட்டிக்கொடுத்தது. தினமும் காலை ஆறு மணிக்கு பேட்டரி அளவு ஏறுகிறது என்று வரைபடத்தில் தெரிந்தது. நூறு சார் பறந்து வந்தார். இந்த முறை தோளில் தட்டவில்லை.

"இறங்கினா எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியும். நாலு கமிட்டி இருக்கு. ஏறுது! எந்த உத்தரவுல ஏறுது? நாளைக்கு மேலேர்ந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

டிரைவர் குனிந்து டயரைத் துடைக்க ஆரம்பித்தான். வாயைத் திறந்தால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், வீடு போனால் ஆஸ்பத்திரி வாசலும் டாக்டரம்மாவும் போய்விடுவார்கள். பானெட்டின் விளிம்பில் கம்பி கோத்து, ஈய முத்திரை வைத்தார்கள். உடைக்க வேண்டுமானால் இரண்டு அதிகாரிகள் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். உத்தரவின்றி உடைத்தால் பணிநீக்கம். இதைச் சிவப்பு எழுத்தில் வண்டியின் மேலேயே ஒட்டிவிட்டும் போனார்கள்.

அப்புறம் அவனுக்கு மிஞ்சியது ஒரே வழி. வண்டியை ஆன் செய்து வைத்தால் பெரிய பேட்டரி சின்னதுக்குக் கொஞ்சம் ஊட்டும். தினமும் காலையில் இருக்கையைத் துடைக்கிற சாக்கில் உள்ளே உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆன் செய்து வைத்தான். அவ்வளவு சுத்தமான இருக்கை அந்த இயக்ககத்தின் வேறெந்த வண்டியிலும் இருந்திருக்காது. ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது கண்காணிப்புப் பிரிவுக்கு அவனே போன் போட்டான்.

"அம்மா, ஒரு உதவி. ராத்திரி மட்டுமாவது கேக்காம இருக்க முடியுமா? வண்டி கொஞ்சம் தூங்கட்டும்."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கும் புரியுதுண்ணா. ஆனா நான் வண்டியைக் கேக்கலேன்னா என்னைக் கேப்பாங்க. என் மேல ஒருத்தர் இருக்காரு, அரை மணிக்கு ஒரு தடவை 'கேட்டியா'ன்னு கேப்பாரு. அவரைக் கேக்க இன்னொருத்தர் இருக்காரு. எனக்குக் கனவுலகூடக் கட்டம் கட்டமா வருதுண்ணா."

அவனுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. முப்பத்தோரு நாளில் 2976 முறை கேட்கப்பட்டு 2976 முறையும் "தயார்" என்று பதில் சொன்ன ஒரே வண்டி இதுதானாம். இயக்குநர் நேரில் வந்து விருது வழங்குவார். டிரைவர் குடும்பத்துடன் கலந்துகொள்ள வேண்டும்.

விழாவுக்கு முந்தின நாளே வண்டியைக் கழுவி, ரிப்பன் கட்டி, சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார்கள். உள்ளே உட்காரக் கூடாது, இருக்கை கசங்கும் என்றார் நூறு சார். "ஒரு மணி நேரம் மட்டும் சார், துடைச்சுட்டு இறங்கிடறேன்" என்று டிரைவர் கெஞ்சிப் பார்த்தான். "போதும்யா உன் சுத்தம்" என்று விரட்டிவிட்டார். அன்று முழுக்கக் கால் மணிக்கு ஒருமுறை ரிப்பனோடு கண்ணாடி விரிந்து மடங்கியது. கயிற்றுக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தவன், ஐம்பதுக்குமேல் எண்ணப் பயந்து நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வளாகத்தில் நூற்று நாற்பது நாற்காலி. பக்கத்து ஊர்களின் ஊழியர்களையெல்லாம் குடும்பத்தோடு பஸ்ஸில் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். மேடையில் டிரைவர், இயக்குநர், நூறு சார். மூன்றாவது வரிசையில் அவன் மனைவி. ஒரு பக்கம் அவள் அண்ணன், இன்னொரு பக்கம் டாக்டரம்மா. மேடைக்குப் பக்கத்திலேயே வண்டி.

இயக்குநர் எழுந்தார். நல்ல குரல் அவருக்கு.

"நண்பர்களே! இந்த வண்டியை நாங்கள் முழுமையாக நம்புகிறோம். நம்புவதால்தான் கால் மணிக்கு ஒருமுறை கேட்கிறோம். சிலர் என்னிடம், வண்டி எத்தனை நோயாளிகளை ஏற்றிச் சென்றது என்று கேட்கிறார்கள். குறுகிய பார்வை! ஓடிய வண்டிகள் விபத்தில் சிக்கியிருக்கின்றன, பழுதாகியிருக்கின்றன, அழுக்காகியிருக்கின்றன. நின்ற வண்டி ஒன்றாவது வழியில் நின்றதுண்டா? ஓட்டம் ஒரு நாள் செயல். தயார்நிலை நிரந்தரம். நோயாளி வருவார், போவார்; நம் தயார்நிலை குறையக் கூடாது!"

கைதட்டல். டிரைவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்போது எல்லாரும் போனை எடுங்கள். அழைப்பிதழில் உள்ள செயலியைத் திறங்கள். ஒரே நேரத்தில் கேளுங்கள், தயாரா என்று!"

நூற்று நாற்பது விரல்கள் அழுத்தின. வண்டி சிமிட்டியது. திரும்பத் திரும்பச் சிமிட்டியது. கண்ணாடி விரிந்தது, மடங்குமுன் மறுபடி விரிந்தது. மேடைத் திரையில் "தயார்", "தயார்", "தயார்" என்று வரிசையாக ஓடியது. குழந்தைகள் குதித்தார்கள். இன்னொரு முறை, என்றார் இயக்குநர். இன்னொரு முறை அழுத்தினார்கள். டிரைவருக்கு மட்டும் தெரிந்தது, விளக்கு மஞ்சளாக மங்கியிருந்தது. மூன்றாவது முறை கண்ணாடி பாதி விரிந்து அப்படியே நின்றுவிட்டது.

அதே நேரத்தில் அவன் மனைவி அண்ணனின் சட்டையைப் பிடித்தாள். கூட்டம் சட்டென்று அமைதியான அந்த நொடியில் அவள் குரல் மேடைவரை கேட்டது.

"அண்ணே, எனக்கு ரெண்டு இயக்குநர் தெரியிறாங்க."

சிலர் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "வண்டியை எடு!" என்று கத்தினார். டிரைவர் மேடையிலிருந்து குதித்தான். கைப்பிடியை இழுத்தான். கதவு அசையவில்லை.

"சார், செத்துப்போச்சு. முத்திரையை உடைக்கணும்."

நூறு சார் மேடைத் திரையைக் காட்டினார். "தயார்னு இருக்கேய்யா!"

"அது செத்துப்போறதுக்கு முன்னாடி சொன்னது சார்!"

"மறுபடி கேட்டுப் பாருங்க" என்றார் இயக்குநர். கேட்டார்கள். பதில் வரவில்லை. இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். "பதில் வரலேன்னா தயாரா இல்லேன்னு அர்த்தமில்ல. கேள்வி போய்ச் சேரலேன்னுதான் அர்த்தம். படிவம் இருக்கா?"

படிவம் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு பேரில் ஒருவர் விடுப்பில் இருந்தார்.

டிரைவர் பிறவியிலேயே பயந்தவன். சிவப்பு விளக்கில் தனியாக நின்றால்கூடத் தாண்டாதவன். மனைவியின் கண்கள் எங்கேயோ மேலே செருகுவதைப் பார்த்தபோது, அதுவரை அவன் பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

"மாப்ள, கட்டிலுக்கு அடியில!" என்று மச்சான் அலறினார்.

இருவரும் ஓடினார்கள். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரண்ட் இல்லாமலும் திறக்கிற இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பானெட்டின் பூட்டை விடுவித்து, ஜாக்கிக் கம்பியை விட்டு நெம்பினான் டிரைவர். ஈய முத்திரை பட்டென்று தெறித்து இயக்குநர் காலடியில் விழுந்தது. அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மச்சான் ஒயரை மாட்டினார். கண்ணாடி மீதிப் பாதியும் விரிந்தது. டாக்டரம்மா ஊசி போட்டு முடித்து, ஸ்ட்ரெச்சரோடு ஏறினார். கயிற்றையும் ரிப்பனையும் இழுத்துக்கொண்டே வண்டி வெளியேறியது.

பாதி வழியில் போன் அடித்தது. மூன்றாவது மாடிப் பெண்.

"அண்ணா, வண்டியைக் கேட்டா 'ஓடுகிறது'ன்னு பதில் வருது. அப்படி ஒரு கட்டமே படிவத்துல இல்ல. நான் என்ன போடட்டும்?"

"எதுவும் போடாதம்மா. உள்ள என் பொண்டாட்டி இருக்கா."

"எனக்குப் பயமா இருக்குண்ணா."

"எனக்கும்தாம்மா" என்றான். கண்ணீர் வழிந்து ரோடு மறைந்தது. துடைத்துக்கொண்டு ஓட்டினான்.

முப்பத்தாறு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வலிப்பு வருமுன் ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஒன்றரைக் கிலோவில் ஒரு பெண் குழந்தை. மாலைக்குள் தாயின் பிரஷர் இறங்கிவிட்டது, பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். அவன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மச்சான் தோளில் சாய்ந்து சத்தமாகவே அழுதான்.

மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரிக்கே குறிப்பாணை வந்தது. முத்திரையை உடைத்தது முதல் குற்றம். இரண்டாவதுதான் பெரியது: தயார்நிலையில் இருந்த வண்டியைப் பயன்படுத்தியதன்மூலம், அது தயார்நிலையில் இல்லாமல் போகக் காரணமாக இருந்தது. இதனால் மாதச் சராசரி 99.9 ஆகக் குறைந்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். இனி எல்லா வண்டிகளும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கப்படும் என்றும் கீழே ஒரு வரி இருந்தது.

அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்க்கப் போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் அது கைகளை மடக்கிக்கொண்டு கிடந்தது. அசையவில்லை. மூச்சு வருகிறதா என்று தெரியவில்லை. கண்ணாடியைத் தட்டினால் கையோ காலோ அசையும், இருக்கிறது என்று தெரிந்துவிடும். விரலை மடக்கி ஓங்கினான்.

"தட்டாதீங்க" என்றாள் அங்கிருந்த நர்ஸ், தலையை நிமிர்த்தாமலே. "இப்பதான் தூங்கிச்சு. தூங்கினாத்தான் தேறும்."

ஓங்கிய விரல் அப்படியே நின்றது. பயம் போகவில்லை, இன்னும் கூடியதுபோலத்தான் இருந்தது. கண்காணிப்புப் பிரிவு கூப்பிட்டுச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, தட்டாமல், கேட்காமல், பார்த்துக்கொண்டே நின்றான்.